மினிமம் விலை போடாதது என் தப்புதான், சரி

ஆன்லைனில் நான் விற்கும் தோல் பெல்ட்டின் விலையை ஒரு பாட், அதாவது போட்டிக்காரர் விலையைப் பார்த்துத் தானாக விலை மாற்றும் சாஃப்ட்வேர், ஒரே ராத்திரியில் இறக்கிவிட்ட கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். வந்த கமெண்ட் எல்லாம் ஒரே ராகம். "மினிமம் செட் பண்ணியிருக்கணும்ணா." சரி, இதற்குக் கீழே இறங்காதே என்று ஒரு விலையை நான் செட் பண்ணவில்லை. ராத்திரி 640 ரூபாயில் விட்டுவிட்டுத் தூங்கிய பெல்ட் விடியும்போது 211-ல் நின்றது, 37 ஆர்டர். ஆம்பூரில் தோல் காசே அதற்கு மேல். ஆனால் நான் கேட்பது வேறு. விலை குறைந்தவனுக்கே தளத்தின் பட்டியலில் மேல் இடம் என்று விதி வைத்தால், இரண்டு பாட் ராத்திரி முழுக்க ஒரு ரூபாய் ஒரு ரூபாயாகக் குறைக்காமல் வேறென்ன செய்யும்?

மனிதர்களும்தான் குறைக்கிறார்கள் என்பீர்கள். வேலூர் லாங் பஜாரில் கடைக்காரர் அசலைத் தொட்டதும் "வேற கடை பாருங்க" என்பார். இந்த பாட் சாஃப்ட்வேருக்கு அசலும் தெரியாது, தூக்கமும் வராது. 2011-ல் அமேசானில் இதே கூத்து தலைகீழாக நடந்தது. ஈயைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு ஒரு பாட் அடுத்தவன் விலையில் 0.9983 மடங்கு போட, மற்றது 1.27 மடங்கு போட, விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டிப்போனது. அங்கேயும் மினிமம்தான் குறையா?

குடியாத்தத்தில் என் அத்தை ஏலச்சீட்டு பிடித்தாள். அதிகம் தள்ளுகிறவருக்குச் சீட்டு, தள்ளிய பணம் எல்லோருக்கும் பிரியும். வீம்புக்குத் தள்ளினால் தன் காசு அடுத்தவன் பைக்குப் போகும் என்பதால் நிஜமாகவே அவசரம் உள்ளவன்தான் தள்ளுவான். இவ்வளவுக்கு மேல் தள்ளக்கூடாது, இரண்டு பேர் அதைத் தொட்டால் குலுக்கல் என்று வரம்பும் வைத்திருந்தாள். எட்டாவது தாண்டாதவள். 1961-ல் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் எழுதியதும் இந்த ரகம்தான்: ஏலத்தில் அதிகம் கேட்டவனுக்குப் பொருள், ஆனால் இரண்டாவது ஆள் கேட்ட தொகையைக் கொடுத்தால் போதும், அப்போது யாருக்கும் பொய் விலை சொல்லத் தேவையே இல்லை. 1996-ல் நோபல் கொடுத்தார்கள். அத்தைக்கு யாரும் கொடுக்கவில்லை.

"அது ஏலம், இது கடை" என்று கமெண்டில் ஒரு தம்பி. மேல் இடத்துக்கு நடப்பது ஏலம் இல்லாமல் வேறென்ன தம்பி? "கஸ்டமருக்கு லாபம்தானே" என்று இன்னொருவர். ஆமாம், ஒரு ராத்திரிக்கு. அவர் கடையில் இப்படி நடந்தால் இதே சிரிப்பு எமோஜியைப் போடுவாரா பார்க்கலாம். தளத்தில் புகார் சொல்லப் போனேன், அங்கேயும் ஒரு பாட். "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்" என்றது, மூன்று முறை.

அன்று ராத்திரி என் பாட்டோடு மோதிய மற்ற பாட்டின் சொந்தக்காரர் பேரணாம்பட்டுக்காரர் என்று அப்புறம்தான் தெரிந்தது. போன் செய்தார், அவரும் அழாத குறை. இரண்டு பேருமே ஒரே சாஃப்ட்வேருக்குத்தான் மாதச் சந்தா கட்டுகிறோம்.

37 பெல்ட்டையும் அனுப்பியாச்சு, கேன்சல் செய்தால் ரேட்டிங் போகும். அதில் ஒருவர் இரண்டு ஸ்டார் கொடுத்திருக்கிறார். பக்கிளில் கீறலாம்.