நான் எழுதிய செட்டிங்கை மாற்ற யார் அனுமதி கொடுத்தது?

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரின் செட்டிங் ஃபைலான விம்ஆர்சியில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறேன்: ஷிஃப்ட்விட்த் 2, அதாவது ஒவ்வொரு முறை உள்ளே தள்ளும்போதும் இரண்டு ஸ்பேஸ். எங்கள் டீமில் எந்த ஃபைலாக இருந்தாலும் இரண்டு ஸ்பேஸ்தான். ஆனால் பைத்தான் ஃபைலைத் திறந்து ஒரு இஃப் போட்டு எண்டர் தட்டினால் நான்கு ஸ்பேஸ் தள்ளிப் போய் நிற்கிறது. மூடித் திறந்தாலும் நான்கு. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. நான் எழுதிய வரி எழுதின இடத்திலேயே இருக்கிறது. அப்படியானால் இந்த எடிட்டர் யார் பேச்சைக் கேட்கிறது?

விம்மோடு சேர்ந்தே வரும் பைத்தான் எஃப்டிபிளகின், அதாவது பைத்தான் ஃபைல்களுக்கென்றே உள்ள ஸ்கிரிப்ட், அதன் பேச்சை! விம் கிளம்பும்போது என் விம்ஆர்சியை முதலில் படித்துவிடும். ஃபைலைத் திறந்து, இது பைத்தான் என்று தெரிந்த பிறகுதான் எஃப்டிபிளகின் ஓடும். பின்னால் வந்தவன் சொன்னதே சட்டம். பைத்தான் கோடை எழுதும் முறைக்கான பெப் 8 அப்படிச் சொல்கிறது என்று ஷிஃப்ட்விட்த்தை 4 ஆக்கிவிட்டுப் போய்விடுகிறது அந்த ஸ்கிரிப்ட். பெப் 8 நல்ல வழிகாட்டி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒருவன் எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் தாராளமாக 4 வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்தவனுக்கும் ஏன் அதே 4? இதை நிறுத்த பைத்தான்_ரெக்கமண்டட்_ஸ்டைல் என்று ஒரு வேரியபிள் இருக்கிறது, அதை 0 ஆக்க வேண்டுமாம். அப்படி ஒன்று இருப்பது புதிதாக வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

ஃபார்மட்ஆப்ஷன்ஸ் என்ற செட்டிங்கின் கதை இதைவிட மோசம். கமென்ட் வரிக்குக் கீழே புது வரி திறந்தால் அதற்கும் கமென்ட் குறி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வேண்டாம் என்று விம்ஆர்சியில் அந்தச் செட்டிங்கிலிருந்து ஆர், ஓ இரண்டு எழுத்தையும் கழித்து வைப்போம். சி, ஷெல் என்று எந்த ஃபைலைத் திறந்தாலும் அதன் எஃப்டிபிளகின் அந்த இரண்டையும் மறுபடி கூட்டி வைக்கும். நாம் கழிக்க, அது கூட்ட. கடைசியாகப் படிக்கப்படும் ஆஃப்டர் என்ற ஃபோல்டருக்குள் ஒவ்வொரு மொழிக்கும் தனி ஃபைல் வைத்தால் நம் பேச்சு எடுபடும். ஒரே ஒரு விருப்பத்தைச் சொல்ல எத்தனை ஃபைல் எழுதுவது?

என்னை உண்மையிலேயே கொதிக்க வைப்பது இதுதான்: யார் மாற்றினார்கள் என்பது விம்முக்குத் தெரியும். ':வெர்போஸ் செட் ஷிஃப்ட்விட்த்?' என்று கேட்டால், கடைசியாக எந்த ஃபைல் மாற்றியது, எத்தனையாவது வரி என்பது வரைக்கும் சொல்லிவிடும். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு, கேட்டால்தான் சொல்வேன் என்று உட்கார்ந்திருக்கிறது. திறந்த ஃபைலுக்கு விம் வைக்கும் தற்காலிக ஸ்வாப் ஃபைல் கிடந்தால் மட்டும் ஈ325 என்று திரை நிறைய எச்சரிக்கை கொட்டத் தெரிகிறதே? 'உன் விம்ஆர்சியில் இருந்த 2 இப்போது 4 ஆகிறது' என்று கீழே ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்?

வெர்போஸ் தெரியாமல் யாரிடமாவது கேட்டால் கிடைக்கும் உபதேசம் இன்னும் எரிச்சல். கான்ஃபிக்கில் பாதியைக் கமென்ட் பண்ணு, அப்புறம் மீதியில் பாதி, அப்படியே தேடிக்கொண்டு போ. விம்ஆர்சியை எத்தனை முறை பாதியாக வெட்டினாலும் அந்த 4 அதற்குள் கிடைக்காது. குற்றவாளி அதற்கு வெளியே அல்லவா இருக்கிறான்! பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, வேலை நாளில் பாதியைத் தொலைக்கச் சொல்வதற்குப் பெயர் உதவியா?

சரி, விம்மிலிருந்து பிரிந்து வந்த நியோவிம்முக்குப் போகலாம் என்றால், அங்கே கான்ஃபிக்கை லுவா என்ற மொழியில் எழுதுகிறோம். வெர்போஸ் போட்டு யார் மாற்றியது என்று கேட்டால், 'லுவா' என்கிறது. என் கான்ஃபிக்கும் லுவா, பிளகின்களும் லுவா. எந்த லுவா? அது வேண்டுமென்றால் -வி1 என்ற ஆப்ஷனைப் போட்டு மறுபடி திறக்க வேண்டுமாம். 2023இல் வந்த 0.9 பதிப்பிலிருந்து எடிட்டர்களுக்கு இன்டென்ட் போன்ற விதிகளைச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் ஃபைலுக்கான ஆதரவும் தானாகவே இயங்குகிறது. மேலே உள்ள ஏதோ ஒரு ஃபோல்டரில் யாரோ விட்டுப்போன எடிட்டர்கான்ஃபிக் ஃபைல் இருந்தால் இன்டென்ட் அதன்படி மாறும். விம்மில் மோட்லைன் வேறு. ஃபைலின் முதல் ஐந்து வரியிலோ கடைசி ஐந்து வரியிலோ ஒரு கமென்ட்டில் செட்டிங்கை எழுதி வைத்தால் போதும், எஃப்டிபிளகினையும் தாண்டி அது செல்லும். அதே மோட்லைன் வழியாகக் கண்டவர்களின் கட்டளைகளை ஓட்டக்கூடிய ஓட்டை 2019இல் வெளிவந்து அவசரமாக அடைத்தார்கள். ஆளாளுக்கு நாட்டாமை. எடிட்டரின் சொந்தக்காரனுக்கு மட்டும் தீர்ப்பில் பங்கில்லை.

டாப் கீயைச் சொல்லாமல் விட மனமில்லை. வார்த்தையை முடித்துத் தரும் கம்ப்ளீஷன் பிளகினுக்கு டாப் வேண்டும், கோட் துண்டுகளைச் செருகும் ஸ்னிப்பெட் பிளகினுக்கும் டாப் வேண்டும், ஏஐ பிளகினுக்கும் அதே டாப். கடைசியாக லோட் ஆனது பிடுங்கிக்கொள்கிறது, மற்றவை சத்தமில்லாமல் செத்துக் கிடக்கின்றன. ஒரு கீக்கு வேலை ஒதுக்கும் மேப் கட்டளையில் யூனிக் என்று ஒரு வார்த்தை சேர்த்தால், அந்தக் கீ ஏற்கெனவே வேறு யாரிடமாவது இருக்கும்போது விம் எரர் காட்டிவிடும். ஒரே ஒரு வார்த்தை! பிளகின் எழுதுகிறவர்களே, அதைப் போடுங்கள். என் கீயை எடுப்பதற்கு முன்னால் என்னிடம் கேளுங்கள்.