எல்லாவற்றுக்கும் ‘யுகம்’ போட்டால் எப்படி?

நேற்று ஆளாளுக்குப் பகிர்ந்த, பூமியின் காலப் பிரிவுகளைப் பற்றிய அந்தத் தமிழ் மொழிபெயர்ப்பைப் பற்றித்தான். ஆங்கிலத்தில் ஈயான் (eon), ஈரா (era), பீரியட் (period), எபாக் (epoch), ஏஜ் (age) என்று பெரியதிலிருந்து சிறியதாக வரும் ஐந்து காலப் பிரிவுகளுக்கும் ‘யுகம்’ என்று ஒரே சொல். திருத்திச் சொன்னால், “அர்த்தம் புரிந்தால் போதாதா, எதற்கு இந்த வாத்தியார் வேலை?” என்று கேட்கிறார்கள். அர்த்தம் புரியவில்லை என்பதுதானே என் புகாரே!

ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். “செனோசோயிக் யுகத்தின் குவாட்டர்னரி யுகத்தின் ஹோலோசீன் யுகத்தின் மேகாலயன் யுகம்.” நிலவியலில் இவை ஒன்றுக்குள் ஒன்று அடங்குபவை. செனோசோயிக் என்பது ஈரா, தொடங்கி 6.6 கோடி ஆண்டுகள். அதற்குள் குவாட்டர்னரி பீரியட், சுமார் 26 லட்சம் ஆண்டுகள். அதற்குள் ஹோலோசீன் எபாக், சுமார் 11,700. கடைசியில் மேகாலயன் ஏஜ், சுமார் 4,200. நான்குக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் எது எதற்குள் இருக்கிறது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? அதிலும் யுகம் என்றதும் நம் மனதில் வருவது கலியுகம். அதன் கணக்கு 4,32,000 ஆண்டுகள்!

இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்பவர்களுக்கு: 2024 மார்ச்சில் ஆந்த்ரோபோசீனை, அதாவது மனிதன் பூமியை மாற்றிய காலம் என்று சொல்லப்படுவதை, நிலவியலாளர்கள் நிராகரித்தார்கள். அதை ஒரு தனி எபாக்காக அட்டவணையில் சேர்க்கும் முன்மொழிவைத்தான் நிராகரித்தார்கள். மனிதன் பூமியை மாற்றவில்லை என்று அவர்கள் சொல்லவே இல்லை. அந்த மொழிபெயர்ப்பைப்போல “மனித யுகம் கிடையாது” என்று எழுதினால், மாற்றவில்லை என்றுதான் படிப்பார்கள். படித்தும் விட்டார்கள், பின்னூட்டங்களைப் பாருங்கள்.

“அது நிலவியல், வரலாற்றில் இவ்வளவு கறார் தேவையில்லை” என்கிறார் ஒருவர். பாதி சரி. வரலாற்று எழுத்தில் இந்தச் சொற்கள் கொஞ்சம் இளகித்தான் போகின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி வாசம் உண்டு. ஈரா என்றால் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணிக்கொண்டு வருவது: ஹிஜ்ரி 622இலிருந்து, சக ஆண்டு 78இலிருந்து. நம் ‘சகாப்தம்’ என்ற சொல்லே சக, அப்தம் சேர்ந்ததுதான். அப்தம் என்றால் ஆண்டு. பீரியட் இரு பக்கமும் வேலி போட்டது: ஜப்பானின் எடோ காலம், 1603 முதல் 1868 வரை. ஏஜ் என்பது அந்தக் காலத்தின் அடையாளமான ஒன்றால் பெயர் பெறுவது, வெண்கலக் காலம்போல. அது எப்போது தொடங்கியது என்று கேட்டால், எந்த ஊரில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். இடத்துக்கு இடம் மாறும்.

இதில் அதிகம் சிதைபடுவது எபாக்தான். கிரேக்கத்தில் அது ‘நின்ற இடம்’. முதலில் அது காலத்தின் நீளத்தையே குறிக்கவில்லை, எண்ணத் தொடங்கும் கணத்தைக் குறித்தது. வானியலிலும் கணினியிலும் இன்றும் அப்படியே. யுனிக்ஸ் என்ற கணினி இயங்குதளம் நேரத்தை எண்ணத் தொடங்கும் யுனிக்ஸ் எபாக் என்பது 1970 ஜனவரி 1, சர்வதேச நேரம் நள்ளிரவு. அந்த ஒரே நொடி. அதையும் ‘யுனிக்ஸ் யுகம்’ என்று எழுதுகிறார்கள்.

“தமிழில் அத்தனை சொல் ஏது?” என்று ஒருவர் கேட்டதுதான் உண்மையிலேயே வலித்தது. ஊழி, யுகம், சகாப்தம், காலம், கட்டம், பருவம்... இத்தனை இருக்கும் மொழியைப் பார்த்தா இந்தக் கேள்வி? எதற்கு எது என்று முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கடைசி வரி வரை மாற்றாமல் இருந்தால் போதும். முடியவில்லையா, ‘எபாக்’ என்றே தமிழில் எழுதுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. தயவுசெய்து அந்த ஆந்த்ரோபோசீன் வரியையாவது இன்றைக்கே திருத்துங்கள்.