பெட்டி பெட்டியாக வந்த மரகதம்

ஸ்பெயின் நாட்டுப் பழைய மரகத நகை ஏதாவது ஏலத்துக்கு வந்தால், விளம்பரத்தில் 'அபூர்வம்' என்று கட்டாயம் போடுவார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். அன்றைக்கு ஸ்பெயினில் மரகதம் மலிந்து கிடந்ததால்தான் அந்த நகைகளே அப்படி இருக்கின்றன.

17ஆம் நூற்றாண்டின் மார்புப் பதக்கம் ஒன்றைப் பாருங்கள். தங்கக் கொடியும் பூவும் பின்னிக்கொண்டிருக்கும், இடைவெளி தெரியாமல் பச்சைக்கல் பதித்திருப்பார்கள். வைரம் வேண்டுமானால் இந்தியாவிலிருந்துதான் வந்தாக வேண்டும். மரகதத்துக்கு அந்தக் கவலை இல்லை. சொந்தக் காலனியிலேயே, இன்றைய கொலம்பியாவின் முசோ, சிவோர் சுரங்கங்களில் எடுத்தார்கள். 1587இல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய கப்பல்களில் இரண்டு பெட்டி மரகதம் வந்ததாக, கூடவே பயணம் செய்த ஹோசே தெ அகோஸ்தா என்ற பாதிரியார் எழுதியிருக்கிறார். பெட்டி ஒன்றுக்குக் குறைந்தது நாலு அரோபா, அதாவது சுமார் 46 கிலோ!

அவரே சொல்லும் கதை ஒன்று. ஸ்பெயின்காரர் ஒருவர் இத்தாலியில் ஒரு கல் வியாபாரியிடம் மரகதத்தைக் காட்டுகிறார். நூறு பொற்காசு பெறும் என்கிறான். இன்னும் பெரிய கல்லைக் காட்டினால் முந்நூறு. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கே கூட்டிப்போய் ஒரு பெட்டி நிறையத் திறந்து காட்டுகிறார். வியாபாரி சொன்ன விலை: கல்லுக்கு ஒரு காசு.

இத்தனை கல்லும் சும்மா வரவில்லை. அங்கிருந்த முசோ பழங்குடி மக்கள் ஸ்பெயின்காரர்களைப் பல வருஷம் எதிர்த்துப் போராடித் தோற்றார்கள். பிறகு அவர்களையே சுரங்கத்தில் இறக்கி வேலை வாங்கினார்கள். எடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. அதனால் கடத்தலும் தாராளம். 1622இல் புளோரிடா பக்கம் மூழ்கிய அடோச்சா கப்பலின் சரக்குப் பட்டியலில் மரகதமே கிடையாது; கடலடியில் மட்டும் கிடைத்தது.

கல் இப்படி மலிந்து கிடந்ததால், நான் கல்லைவிட நகையின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். யார் கண்ணிலும் படாத அந்த இடத்திலும் பல நகைகளில் கொடிக்கோலம் செதுக்கியிருப்பார்கள். சரகோசாவின் பிலார் மாதா கோயில் 1870இல் விற்ற நகைகள் சில லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பழைய வேலைப்பாட்டைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே தொடங்கலாம்.

கல்லுக்குள் கலங்கல் தெரிந்தால் நம்ம ஊரில் உடனே 'தோஷம்' என்பார்கள். கொலம்பிய மரகதத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே துளி திரவம், அதற்குள் ஒரு காற்றுக்குமிழி, குட்டி உப்புப் படிகம் எல்லாம் தெரியும். எந்த ஊர்க் கல் என்று கண்டுபிடிக்க உதவுவதே அந்த 'தோஷம்'தான். ஹைதராபாத் நிஜாமின் மரகதங்களில் சிலவும் கொலம்பியக் கற்களே என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது.

பழைய நகையிலிருந்து இந்தக் கற்களைக் கழற்றிப் புது மோதிரத்தில் பதிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. கல்லை எடுத்துக்கொண்டு வேலைப்பாட்டை உருக்கிவிடுகிறார்கள். யாரிடமாவது இப்படி ஒரு நகை இருந்தால் தயவுசெய்து நகை சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் மெஷினில் போட்டுவிடாதீர்கள். கல்லில் விரிசல் பெரிதாகலாம். பின்பக்கம் மூடிய கட்டு வேறு. உள்ளே தண்ணீர் இறங்கினால் கல்லுக்கு அடியில் வைத்த தகடு கறுத்துவிடும்.