ஆர்க்கைவ் செய்த மெயில் அழியாது

ஜிமெயிலில் ஆர்க்கைவ் செய்த மெயில்கள் 30 நாளில் தானாக அழிந்துவிடும், அதனால் எல்லாவற்றையும் இன்பாக்ஸிலேயே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்று மேலே ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த 30 நாள் கணக்கு ட்ராஷுக்கு உரியது. டெலீட் செய்தால் மெயில் அங்கே போகும், 30 நாள் கழித்து நிரந்தரமாக நீங்கும். ஸ்பேமுக்கும் அதே கெடுதான். ஆர்க்கைவ் வேறு. மெயிலின் மேல் இருக்கும் 'இன்பாக்ஸ்' என்ற லேபிளை மட்டும் அது எடுத்துவிடும். மெயில் 'ஆல் மெயில்' பகுதியில் அப்படியே இருக்கும், தேடினாலும் கிடைக்கும். அதற்கு யாராவது பதில் போட்டால் திரும்ப இன்பாக்ஸுக்கே வந்து நிற்கும். (அழியாததால் சேமிப்பிடமும் மிச்சமாகாது, அது வேறு விஷயம்.)

இரண்டு பட்டனும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் குழப்பம் வருவது இயல்புதான். நீங்களே சோதிக்கலாம். கணினியில் ட்ராஷைத் திறந்தால், 30 நாள் பற்றிய அறிவிப்பு மேலேயே இருக்கும். 'ஆல் மெயில்' பக்கத்தில் அப்படி எதுவும் இருக்காது. அப்புறம், போன வருடம் ஆர்க்கைவ் செய்த ஒரு கரண்ட் பில்லையோ ரயில் டிக்கெட்டையோ தேடிப் பாருங்கள். வந்துவிடும்.

பார்த்து முடித்த மெயிலைத் தயங்காமல் ஆர்க்கைவ் செய்யலாம்.