கோலம் போடத் தெரிந்தால் போதுமா?
கோலம் போடத் தெரிந்தவர் டைல் சில்லுகளை ஒட்டி ஒரே மதியத்தில் ஸ்ரீசக்கரம் (அம்பாள் வழிபாட்டுக்கான யந்திர வடிவம்) செய்துவிடலாம் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. கோலத்தில் கோடு பிசகினால் விரலால் அழித்துவிடலாம். மொசைக்கில் அது நடக்காது. மேல்நோக்கி 4, கீழ்நோக்கி 5 முக்கோணங்கள் வெட்டிக்கொண்டு 43 சிறு முக்கோணங்கள் வர வேண்டும். பல இடங்களில் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சேர வேண்டும். மயிலாப்பூர் வீட்டு மொட்டை மாடியில், டைல் கடைக்காரர் சும்மா கொடுத்த உடைசல்களை வைத்து இரண்டடிப் பலகையில் முயன்றேன். வெளிவட்டத்திலிருந்து ஒட்டிக்கொண்டே வந்தேன். சில்லுக்குச் சில்லு 2 மி.மீ. இடைவெளி விட்டதில் பிந்துவுக்கு, அதாவது நடுப்புள்ளிக்கு, அருகே வரும்போது இடமே இல்லை. கடுகளவு சில்லைக் குறடால் வெட்டப்போய் விரல்தான் கிழிந்தது. அப்புறம் எல்லாவற்றையும் பெயர்த்து, பிந்துவிலிருந்து வெளியே வந்தபோதுதான் ஒழுங்காக அமைந்தது. முக்கோணங்களைச் சுற்றி வரும் தாமரையின் 8 இதழும் 16 இதழும் இதோடு ஒப்பிட்டால் விளையாட்டு, ஆணியும் நூலும் இருந்தால் வட்டம் தயார். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், சில்லுகளை ஒட்ட வெள்ளைப் பசையே போதும் என்கிறார். கூடத்தில் மாட்டுவதென்றால் சரி. பால்கனியில் வைத்தால் சென்னையின் ஐப்பசி மழைக்குத் தாங்காது. என்னுடையதில் தாமரை இதழ் நான்கு உதிர்ந்து தொட்டியில் கிடந்தன.