பெருந்தொற்றில் நூலகங்கள் முடங்கிக் கிடந்தனவா?

‘கொரோனா காலத்தில் பொது நூலகங்கள் கதவடைத்துவிட்டு மக்களுக்கு எதையும் செய்யவில்லை’ என்று பரவும் கூற்றில் பாதி மட்டுமே உண்மை: 2020 மார்ச் முதல் பல நாடுகளில் நூலகக் கட்டடங்கள் மூடப்பட்டன, ஆனால், சேவை நிற்கவில்லை.

கட்டடங்கள் மூடியிருந்தாலும் வைஃபையை அணைக்க வேண்டாம் என அமெரிக்க நூலகச் சங்கம் அந்த மார்ச் மாதமே பரிந்துரைத்தது. வீட்டில் இணையம் இல்லாதவர்கள் நூலக வளாகத்துக்கு வெளியே இருந்தபடியே படிக்கவும் வேலைக்கு விண்ணப்பிக்கவும் இதனால் முடிந்தது. புத்தகம் கொடுப்பது மட்டுமே நூலகத்தின் வேலை என எண்ணுவோருக்கு இது வியப்பாக இருக்கலாம். டொரண்டோவில் மூடிய கிளை நூலகங்கள் சில, உணவு வங்கிகளாக இயங்கின. சான் பிரான்சிஸ்கோ நூலகர்கள், தொற்றாளர்களுடன் தொடர்பில் இருந்தோரைக் கண்டறியும் பணியில் இறங்கினர்.

வாசிப்பும் குறையவில்லை. நூலகங்களுக்கு மின்னூல் வழங்கும் ஓவர்டிரைவ் தளத்தில் மட்டும் 2020இல் சுமார் 43 கோடி மின்னூல்களும் ஒலிநூல்களும் பிற மின்வடிவப் படைப்புகளும் இரவல் பெறப்பட்டன. இது முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 33 விழுக்காடு அதிகம். எல்லா ஊர்களிலும் இவ்வளவு வசதி இருந்ததில்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ‘எதையும் செய்யவில்லை’ என்பது தவறான தகவல்.