சோலினாய்டின் மேல் பழி வேண்டாம்

1965 ஃபோர்டு மஸ்டாங் காரில் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை இன்ஜின் பற்றுகிறது, விட்டதும் அணைகிறது. எனவே சோலினாய்டு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் ரிலே) பழுது, அதை மாற்றும்வரை பேட்டரியிலிருந்து காயிலுக்கு (ஸ்பார்க் பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) நேராக வயர் இழுத்து ஓட்டலாம் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு, இரண்டாவது ஆபத்தும்கூட.

இந்த அறிகுறி சோலினாய்டு சரியாக வேலை செய்வதைத்தான் காட்டுகிறது. ஸ்டார்ட்டர் சுழலும்போது மட்டும், சோலினாய்டின் 'ஐ' முனை காயிலுக்கு முழு பேட்டரி மின்னழுத்தத்தைக் கொடுக்கிறது. சாவி 'ரன்' (இன்ஜின் ஓடும்) நிலைக்குத் திரும்பியதும் அந்த வழி அடைபடும். பிறகு மின்சாரம் இக்னிஷன் சுவிட்சிலிருந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் செல்லும், மின்னழுத்தத்தைக் குறைக்கும் இளஞ்சிவப்பு ரெசிஸ்டன்ஸ் வயர் வழியாக வர வேண்டும். அது வரவில்லை. சந்தேகப்பட வேண்டியவை அந்த வயர், சுவிட்சின் உள்தொடர்பு, ஃபயர்வால் (இன்ஜின் பகுதியையும் உள்ளறையையும் பிரிக்கும் தடுப்பு) இணைப்பான் ஆகிய மூன்றும்தான்.

புதிய சோலினாய்டு வாங்கும் முன் தயவுசெய்து அளந்து பாருங்கள். சாவியை 'ரன்' நிலையில் வைத்து, பாயிண்டுகள் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடர்புகள்) மூடியிருக்கும்போது காயிலின் பாசிட்டிவ் முனையில் ஏறத்தாழ 6 முதல் 8 வோல்ட் இருக்க வேண்டும். பாயிண்டுகள் திறந்திருந்தால் மின்னோட்டம் இருக்காது, நல்ல வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். பலர் ஏமாறுவது இங்கேதான். பூஜ்யம் என்றால் சுவிட்ச் முனையிலிருந்து வரிசையாகத் தேடுங்கள்.

நேரடி வயர் பாயிண்டுகளைக் கருக்கிவிடும், காயிலையும் சூடேற்றும். அதைவிட மோசம், சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்காது.